லாக் வயர் மூன்று முறையும் அறுந்துவிட்டது: கம்பியில் குறையா, கையில் குறையா?

இரவுசவாரி | சனி, இரவு 9.40

வணக்கம். அடுத்த மாதம் முதல் தடவையாக என் பைக்கை டிராக்கில் ஓட்டப் போகிறேன். ஓட்டுவதற்கு முன் நடக்கும் பரிசோதனையில் எஞ்சின் ஆயில் டிரெயின் போல்ட் (ஆயிலை வடிக்கக் கழற்றுவது), ஆயில் ஃபில்டர், ஆயில் மூடி, முன் பிரேக் கேலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) போல்ட்கள் இத்தனைக்கும் லாக் வயர், அதாவது போல்ட் தலையின் துளையில் கோத்து, அது கழலாதபடி பக்கத்துப் போல்ட்டோடோ அசையாத இடத்தோடோ முறுக்கிக் கட்டும் கம்பி, கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டித் தரச் சொல்லி வேறொருவரிடம் கொடுக்க மனமில்லை. நான் ஏறி ஓட்டப் போகும் வண்டியின் பிரேக் போல்ட்டைப் பூட்ட எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியும், பின்னால் உள்ள குமிழை இழுத்தால் தானாகச் சுழலும் முறுக்குப் பிளையரும் வாங்கி இரண்டு நாளாகப் பழகுகிறேன். டிரெயின் போல்ட்டில் முதல் இரண்டு முறையும் முறுக்கிக்கொண்டே வரும்போது போல்ட் தலைக்குப் பக்கத்தில் கம்பி பட்டென்று அறுந்தது. மூன்றாவது முறை எப்படியோ முடித்தேன். கடைசியில் நீட்டிக்கொண்டிருந்த வாலை வெட்டிவிட்டு விரலால் லேசாக அசைத்தேன். துளை வாயிலேயே துண்டாகிக் கையோடு வந்துவிட்டது.

இடது கேலிப்பரில் கட்டியது அறவில்லை, ஆனால் சுண்டினால் ஆடுகிறது. அங்கே இரண்டு போல்ட்டும் மேலும் கீழுமாக, தலை வெளிப்பக்கம் பார்த்து இருக்கின்றன. கம்பி மேல் போல்ட்டின் இடப்பக்கத்திலிருந்து இறங்கி, கீழ் போல்ட்டின் வலப்பக்கத்தில் போய்ச் சேர்கிறது. முறுக்கு எல்லாம் சீராகத்தான் விழுந்திருக்கிறது. பிறகு ஏன் தளர்வு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விண்கம்பி | சனி, இரவு 10.25

தம்பி, கம்பியில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விமானப் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதல் வாரத்தில் கம்பியை அறுப்பார்கள். முக்கால்வாசிக் காரணம், அளவுக்கு மேல் முறுக்குவது.

ஸ்டெயின்லெஸ் கம்பியை வளைக்க வளைக்க அது கெட்டிப்படும். கெட்டிப்பட்ட பிறகு இன்னும் கொஞ்சம் திருகினால் வளையாது, முறியும். அதுவும் எங்கே முறியும் என்றால், முறுக்கு தொடங்குகிற இடத்தில், துளை வாயில். உங்களுக்கு மூன்று முறையும் அறுந்தது அங்கேதான்.

0.032 அங்குலக் கம்பிக்கு, அதாவது நீங்கள் வைத்திருக்கும் 0.8 மி.மீ. கம்பிக்கு, ஓர் அங்குல நீளத்தில் 6 முதல் 8 முறுக்கு போதும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி வழிகாட்டியில் உள்ள அளவு இது. இன்னும் மெல்லிய கம்பி என்றால் எண்ணிக்கை கூடும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ஒரு முறுக்கு என்றால் முழுச் சுற்று இல்லை, அரைச் சுற்று. ஒரு கம்பி மற்றதைத் தாண்டி ஒரு முறை மறுபக்கம் போனால் ஒரு முறுக்கு. முழுச் சுற்றாக எண்ணினால் தேவையைப் போல இரண்டு மடங்கு முறுக்கிவிடுவீர்கள். ஒரு ஸ்கேலை வைத்து எண்ணிப் பாருங்கள். உங்களுடையது 14, 15 என்று வந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அப்புறம் தளர்வு. கம்பி தளர்வாக இருந்தால் இன்னும் நாலு முறுக்கு போட்டு இறுக்கலாம் என்று கை தானாகப் போகும். அங்கேதான் தப்பு தொடங்குகிறது. விறைப்பு வருவது இழுவையால். முறுக்கும்போதே பிளையரை அடுத்த போல்ட் இருக்கிற திசையில் சற்று இழுத்துப் பிடித்தபடி முறுக்க வேண்டும். முறுக்கு அடுத்த துளைக்கு 3 மி.மீ. முன்னால் நிற்க வேண்டும். அந்த 3 மி.மீ. தான், கம்பியைத் துளைக்குள் விட்டு இழுக்கும்போது மொத்தத்தையும் விறைக்க வைக்கிறது. துளை வரைக்கும் முறுக்கிக்கொண்டு போனீர்கள் என்றால் இழுக்க இடமே இருக்காது, தொய்வு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பிளையரின் பல் கம்பியின் நுனியில் மட்டும் படட்டும், எப்படியும் வெட்டி எறியப் போகும் பகுதி அது. வண்டியில் தங்கப் போகும் கம்பியில் பல் பதிந்தால் அந்தத் தழும்பிலிருந்து பிறகு விரிசல் வரும்.

எட்டாம்நம்பர் | சனி, இரவு 11.10

விண்கம்பி ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. இரவுசவாரி, நீங்கள் எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மேல் போல்ட்டின் இடப்பக்கம், கீழ் போல்ட்டின் வலப்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே அப்படித்தான் கட்டியிருக்கிறீர்கள் என்றால் திசை தலைகீழ். அந்தக் கம்பி உங்கள் பிரேக் போல்ட்டைக் கழற்றும் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது.

வண்டியை எடுக்காதீர்கள். முதலில் அதை வெட்டுங்கள்.

விண்கம்பி | ஞாயிறு, காலை 6.15

எட்டாம்நம்பருக்கு நன்றி. அறுந்த கம்பியைப் பற்றியே யோசித்ததில் திசையை நான் பார்க்கத் தவறிவிட்டேன். முறுக்கு எண்ணிக்கையைவிட இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. முறுக்கு அசிங்கமாக இருந்தாலும் திசை சரியாக இருந்தால் கம்பி ஏதாவது வேலை செய்யும். திசை தப்பினால் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது வெறும் அலங்காரம்.

தம்பி, இதை மனப்பாடம் செய்யாதீர்கள். படம் பார்த்து மனப்பாடம் செய்தால் போல்ட் வேறு கோணத்தில் இருக்கும்போது குழம்பும். ஒவ்வொரு போல்ட்டிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தக் கம்பி உன்னை இழுத்தால் நீ எந்தப் பக்கம் திரும்புவாய்?"

உங்கள் கேலிப்பரையே எடுத்துக்கொள்வோம். போல்ட் தலைக்கு நேராக நின்று பாருங்கள். சாதாரண வலது மரை (போல்ட்டின் திருகுப் பள்ளம்), அதனால் கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால் இறுகும். மேல் போல்ட்டைக் கம்பி கீழ்நோக்கி இழுக்கிறது. கடிகார முள் கீழ்நோக்கி இறங்குவது 3 மணி பக்கம், அதாவது வலப்பக்கம். ஆகவே கம்பி வலப்பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும். கீழ் போல்ட்டைக் கம்பி மேல்நோக்கி இழுக்கிறது. முள் மேலே ஏறுவது 9 மணி பக்கம். ஆகவே கீழ் போல்ட்டின் இடப்பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். மேல் வலது, கீழ் இடது. நீங்கள் கட்டியது இதற்கு நேர் எதிர்.

போல்ட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கேள்வி அதேதான். இடது போல்ட்டின் மேல்பக்கத்திலிருந்து கிளம்பும், வலது போல்ட்டின் கீழ்ப்பக்கத்தில் சேரும். இரண்டிலும் கம்பி நடுவில் குறுக்காகத் தாண்டுகிறது, கவனித்தீர்களா? வலது மரை போல்ட் இரண்டைச் சரியாகக் கட்டினால் இப்படித்தான் வரும். இடது மரை போல்ட் இருக்கிற இடத்தில் கேள்வி அதேதான், பதில் மட்டும் மாறும்.

நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகளிடம் கம்பியைத் தொடுவதற்கு முன் ஆள்காட்டி விரலைப் போல்ட் தலையில் வைத்து இறுகும் பக்கம் ஒரு தடவை வழிக்கச் சொல்வேன். விரல் எந்தப் பக்கம் வழுக்கிப் போகிறதோ அந்தப் பக்கம் கம்பி இழுக்க வேண்டும். முப்பது வருடத்துக்குப் பிறகும் நான் அப்படித்தான் செய்தேன்.

இரவுசவாரி | ஞாயிறு, காலை 8.50

விரலை வைத்துப் பார்த்தேன். தலைகீழாகத்தான் கட்டியிருக்கிறேன். எட்டாம்நம்பர் அண்ணா, நீங்கள் சொல்லாவிட்டால் அப்படியே ஓட்டியிருப்பேன். வெட்டிவிட்டேன்.

டிரெயின் போல்ட் கம்பித் துண்டையும் எண்ணினேன். ஓர் அங்குலத்துக்கு 16. முழுச் சுற்றாகத்தான் எண்ணியிருந்தேன் ஐயா.

இன்னொரு விஷயம். கேலிப்பர் கீழ் போல்ட்டை சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் திருப்பு விசையின் அளவு) இறுக்கியபோது துளை கம்பிக்கு எதிர்ப்பக்கம் பார்த்தது. அதனால் துளை சரியான இடத்துக்கு வரும்வரை கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினேன். கால் சுற்றுகூட இருக்காது. பரவாயில்லையா?

எட்டாம்நம்பர் | ஞாயிறு, காலை 9.05

பரவாயில்லை இல்லை. டார்க் எட்டிய பிறகு கால் சுற்று என்பது பெரிய விஷயம். போல்ட் நீண்டு மீளாத நிலைக்குப் போயிருக்கலாம், அல்லது அலுமினிய மரை இழுபட்டிருக்கலாம். அந்தப் போல்ட்டைக் கழற்றி மரையைப் பாருங்கள். என்னைக் கேட்டால் புதுப் போல்ட் போடுங்கள், பிரேக் இது.

விண்கம்பி | ஞாயிறு, காலை 9.40

துளைக்காகக் கூடுதலாக இறுக்குவதும் கூடாது, துளைக்காகத் தளர்த்துவதும் கூடாது. இதில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் வேண்டாம். டார்க்குக்கு ஓர் எல்லை கொடுத்திருந்தால், குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் நடுவில் துளை வருகிறதா என்று பார்க்கலாம். வரவில்லையென்றால் போல்ட்டைக் கழற்றி, அதே வகையில் வேறு போல்ட்டைப் போட்டுப் பாருங்கள். மரை தொடங்கும் இடம் போல்ட்டுக்குப் போல்ட் மாறும், துளை வேறு இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் வாஷர் அனுமதி உண்டு என்றால் வாஷரை மாற்றியும் பார்க்கலாம். இதற்காகத்தான் தலையில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு மூன்று ஜோடித் துளைகள் போடுகிறார்கள்.

வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் சுத்தம், பிறகு டார்க், பிறகு கம்பி. கம்பி கட்டிய பிறகு டார்க் ரெஞ்சைக் கையில் எடுக்கக்கூடாது. மறுபடி சோதிக்க வேண்டும் என்றால் கம்பியை வெட்டிவிட்டுச் சோதியுங்கள், பிறகு புதுக் கம்பி. ஒருதரம் கட்டிய கம்பியைப் பிரித்து மறுபடி கட்டுவது என்ற பேச்சே கிடையாது.

கடைசல் | ஞாயிறு, மதியம் 1.30

லேத்தும் டிரில்லுமாக வேலை செய்பவன். ஒரு கேள்வி: போல்ட் தலையில் துளையை யார் போட்டது? நீங்களே போட்டது என்றால், மூன்றாவது கம்பி கை பட்டதும் துண்டானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

துளை போட்டதும் அதன் வாய் பிளேடு மாதிரி இருக்கும். விறைப்பான கம்பி அந்த விளிம்பில் வளைந்து உட்காரும்போது விளிம்பே கம்பியைக் கடித்துவிடும். துளை வாயைப் பெரிய டிரில் பிட் நுனியால் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி மழுக்க வேண்டும். உள்ளே ஒரு கம்பியை விட்டு இழுத்துப் பாருங்கள், எங்கேயும் பிடிக்கக்கூடாது.

துளை போடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கேட்பார்கள். அறுகோணத் தலையில் ஒரு பட்டையிலிருந்து (தட்டைப் பக்கத்திலிருந்து) பக்கத்துப் பட்டைக்கு, மூலையைக் குறுக்காக வெட்டிப் போக வேண்டும். 1.5 மி.மீ. பிட்டைச் சரிவில் வைத்தால் வழுக்கி ஓடும், இல்லையென்றால் ஒடியும். போல்ட்டை வைஸில் அசையாமல் பிடித்து, சென்டர் பஞ்ச் வைத்து, முதலில் பட்டைக்குச் செங்குத்தாக ஒரு சின்னக் குழி மட்டும் போடுங்கள். பிறகு போல்ட்டைத் திருப்பி வைத்து அந்தக் குழியிலிருந்தே சரிவாக இறங்குங்கள். துளை வழிகாட்டியோடு வரும் ஜிக் கிடைத்தால் இன்னும் நல்லது. கோபால்ட் பிட், கட்டிங் ஆயில் தாராளமாக, பிட் சக்கிலிருந்து எவ்வளவு குறைவாக வெளியே நீண்டிருக்குமோ அவ்வளவு குறைவு. ஒரு மி.மீ. இறங்கியதும் வெளியே எடுத்துத் துகளைத் துடைத்துவிட்டு மறுபடி இறங்குங்கள். பிட் பெரும்பாலும் மறுபக்கம் வெளியே வரும் நொடியில்தான் ஒடியும். அந்த இடம் வரும்போது அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். கை டிரில்லில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

ஆலன் போல்ட் (தலையில் அறுகோணச் சாவிக் குழி உள்ளது) என்றால் வேலை சுலபம். தலையின் சுவரில் நேராகத் துளைத்து உள்ளே சாவிக் குழியில் திறந்தால் போதும். உள்ளே குழியின் மூலையில் இல்லாமல் பட்டையின் நடுவில் திறக்கும்படி பாருங்கள். மூலையில் திறந்தால் பிட் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

எதிலும் தண்டைத் தொடக்கூடாது, தலையில் மட்டும்தான் துளை. துளைத்த இடத்தில் பூச்சு போய்விடும், துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவுங்கள்.

இரவுசவாரி | ஞாயிறு, மாலை 4.00

டிரெயின் போல்ட்டில் துளை நான் போட்டதுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், வாயில் ஓர் இழை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. மழுக்கவே இல்லை. கேலிப்பர் போல்ட் துளையோடு வாங்கியது, அதன் வாய் வழுவழுப்பாக இருக்கிறது. கம்பி அங்கே ஏன் அறவில்லை என்று இப்போது புரிகிறது.

பல்சக்கரம் | ஞாயிறு, இரவு 8.20

எல்லாரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இந்தப் பையன் ஒரு தவறான நம்பிக்கையோடு போய்விடக்கூடாது என்பதால் எழுதுகிறேன். இயந்திர வடிவமைப்பில் இருப்பவன்.

லாக் வயர் போல்ட்டின் இறுக்கத்தைக் காப்பாற்றாது. போல்ட் ஏன் கழல்கிறது என்பதை 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார். இணைந்திருக்கும் இரண்டு பாகங்களும் போல்ட்டுக்குக் குறுக்காக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வழுக்கி ஆடும்போது, மரையிலும் தலைக்கு அடியிலும் உள்ள உராய்வு அந்த நொடிக்கு இல்லாதது போலாகிவிடுகிறது. மரையின் சரிவு தானாகவே போல்ட்டைத் திருப்பிவிடுகிறது. இதைத் தடுப்பது போதுமான இறுக்கம்தான். இறுக்கம் போதுமானதாக இருந்தால் பாகங்கள் வழுக்காது, வழுக்காவிட்டால் போல்ட் திரும்பாது.

கம்பி எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் சில டிகிரி திரும்பிய பிறகுதான் முழுதாகப் பிடிக்கும். அந்தச் சில டிகிரியிலேயே இறுக்கத்தில் பெரும் பங்கு போய்விடலாம், குறிப்பாகக் குட்டைப் போல்ட்டில். இறுக்கம் போன போல்ட் கீழே விழாமல் அங்கேயே இருந்து உலோகக் களைப்பால் முறியலாம். ஸ்பிரிங் வாஷரும் இதைக் காப்பாற்றாது. நாசா 1990-இல் வெளியிட்ட ஃபாஸ்டனர் வடிவமைப்புக் கையேடு பூட்டுவதற்கு அது பயன்படாது என்றே சொல்கிறது. ஆப்பு வடிவப் பல் உள்ள ஜோடி வாஷரோ, மரையில் தடவி ஒட்டவைக்கும் மரைப் பசையோ இறுக்கத்தைக் காப்பதில் கம்பியைவிட மேல் என்பது என் கருத்து.

விண்கம்பி | திங்கள், காலை 6.30

பல்சக்கரம் சொல்வதை நான் மறுக்கவில்லை. கம்பி இறுக்காது. இறுக்கியதைக் கூட்டவும் செய்யாது. அதன் வேலை வேறு: இறுக்கம் போனாலும் போல்ட் வெளியே வந்து விழாமல் தடுப்பது. அந்த வேலை சின்னதில்லை.

2000 பிப்ரவரி 16 அன்று கலிஃபோர்னியாவில் சேக்ரமெண்டோ அருகே ஒரு டிசி-8 சரக்கு விமானம் கிளம்பிய சில நிமிடத்தில் விழுந்தது. மூன்று விமானப் பணியாளர்களும் இறந்தார்கள். வலது எலிவேட்டரின் (விமான மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் மடல்) கண்ட்ரோல் டேப் என்ற சிறு மடல் அதன் தண்டிலிருந்து கழன்றுவிட்டது. இணைக்கும் போல்ட்டைச் சரியாகப் பூட்டாததும், பூட்டியதைச் சரியாகப் பரிசோதிக்காததும் காரணம் என்று விசாரணை சொன்னது. அங்கே கம்பி இல்லை, பள்ளம் வெட்டிய காஸில் நட்டும், அதில் கோத்து வளைக்கும் ஸ்பிலிட் பின்னும் இருக்க வேண்டிய இடம். ஆனால் தத்துவம் ஒன்று. அந்த மாதிரி மூட்டில் போல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. போல்ட் அங்கே இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, மரைப் பசைக்கு வெப்ப எல்லை உண்டு. பலரும் பயன்படுத்தும் நீல நிற லாக்டைட் 243-க்கு 180 டிகிரி செல்சியஸ். எஞ்சினின் சூடான பகுதியில் அது நிற்காது, கம்பி நிற்கும். பசை போட்டிருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. கம்பியை நான் பத்தடி தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

எட்டாம்நம்பர் | திங்கள், காலை 7.10

டிராக்கில் கம்பி கேட்பதற்குக் காரணமும் அதுதான். ஒருவன் டிரெயின் போல்ட் விழுந்தால் அவன் பின் டயரில் ஆயில். அடுத்த வளைவில் அவனுக்குப் பின்னால் வரும் பத்துப் பேருக்கும் ஆயில். பரிசோதிப்பவருக்கு ஒரு வண்டிக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். டார்க் ரெஞ்சை வைத்துப் பார்க்க முடியாது. கண்ணால் பார்த்து "இதை ஒருவன் நின்று நிதானமாகப் பூட்டியிருக்கிறான்" என்று தெரிந்துகொள்ளக் கம்பிதான் இருக்கிறது. அதனால்தான் டார்க் வைக்காமல் கம்பி மட்டும் கட்டுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். அது பொய் சாட்சி.

பல்சக்கரம் | திங்கள், காலை 9.00

அந்தக் கடைசி வரியோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். டார்க் முதலில், கம்பி பிறகு. இதற்கு மேல் எனக்கு மறுப்பு இல்லை.

பட்டறைப்பாடம் | திங்கள், மாலை 5.45

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறேன். இரவுசவாரி தம்பி, வண்டியில் பழகாதீர்கள். இந்த உரையாடல் இழை முழுக்கப் படித்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

ஒரு தடித்த அலுமினியத் தகட்டில் மரை போட்டு ஆறு போல்ட் நடுங்கள். இரண்டு பக்கத்தில் பக்கத்தில், இரண்டு மேலும் கீழுமாக, இரண்டு சாய்வாக. அதை வைஸில் பிடித்து மார்பு உயரத்தில் வையுங்கள். முதல் நாள் கம்பியே வேண்டாம், ஒரு நூலை விட்டு ஆறு போல்ட்டுக்கும் திசை மட்டும் பழகுங்கள். நூலை இழுத்தால் போல்ட் இறுகும் பக்கம் திரும்ப வேண்டும். அதற்காகப் போல்ட்டை விரலால் திருப்பும் அளவுக்குத் தளர்த்தி வைத்திருங்கள். கண்ணெதிரே திரும்புவதைப் பார்த்த பிறகு எந்த மாணவரும் அதை மறந்ததில்லை.

இரண்டாவது நாள் பிளையரின் குமிழைத் தொடாமல் கையாலேயே முறுக்குங்கள். குமிழை இழுத்தால் கம்பி எப்போது கெட்டிப்படுகிறது என்பது கைக்குத் தெரியாது. கையால் முறுக்கினால் ஒரு கட்டத்தில் கம்பி திருப்பி அழுத்துவதை விரல் உணரும். அந்த இடத்துக்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொண்ட பிறகு குமிழை இழுக்கலாம், அதுவும் மெதுவாக.

கம்பி தலையைச் சுற்றி வரும்போது மேலே ஏறி வருகிறதா என்று பாருங்கள். முதல் போல்ட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு பக்கமாக முறுக்கினால், இரண்டாவதைத் தாண்டியதும் எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். அப்போதுதான் தலையைச் சுற்றிய வளையம் கீழே அமுங்கி உட்காரும். ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு போனால் வளையம் மெல்லத் தலைமேல் ஏறி நழுவிவிடும். நழுவினால் விறைப்பு அத்தனையும் போச்சு. இரு பக்கமும் சுழலும் பிளையர் விற்பது இதற்காகத்தான்.

கடைசியில் வால். கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம், 3 முதல் 6 முறுக்கு. அதை உள்பக்கமாகவோ கீழ்ப்பக்கமாகவோ வளைத்து மடக்குங்கள். என் இடது புறங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, மடக்காமல் விட்ட வால் ஒன்று கிழித்தது. யார் கட்டியது என்று தேடினால் நான்தான் கட்டியிருந்தேன். அன்றிலிருந்து வாலை மடக்காத மாணவருக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

கண்ணாடி போடாமல் வெட்ட வேண்டாம். வெட்டும்போது நுனியை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டால் அது முகத்துக்குத்தான் வரும்.

விண்கம்பி | திங்கள், இரவு 9.15

பட்டறைப்பாடம் அம்மா சொன்ன நூல் பயிற்சி எனக்குப் புதிது. மிக நல்ல யோசனை.

வெட்டிய துண்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஒருநாள் ராத்திரி வேலையில் எஞ்சின் பக்கத்தில் கம்பி கட்டி முடித்தோம். வெட்டிய நுனிகளை எண்ணினால் ஒன்று குறைந்தது. அரிசி மணி அளவுதான் இருக்கும். காந்தத்தைக் கட்டி இறக்கித் தேடினோம், பயனில்லை. ஸ்டெயின்லெஸ் கம்பியைக் காந்தம் சரியாகப் பிடிக்காது. டார்ச்சும் கண்ணாடியும் வைத்து இரண்டு பேர் விடிய விடியத் தேடி, ஒரு குழாய் கிளாம்ப்பின் மடிப்பில் கண்டெடுத்தோம். அதுவரை யாரும் கையெழுத்துப் போடவில்லை. வண்டியிலும் அப்படித்தான். வெட்டிய ஒவ்வொரு நுனியையும் ஒரு டப்பாவில் போடுங்கள். பிரேக் டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் ஒன்று போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரவுசவாரி | அடுத்த ஞாயிறு, மாலை 6.30

ஒரு வாரம் தகட்டில் பழகினேன். நூல், பிறகு கை, பிறகு பிளையர். எண்ணியது வரைக்கும் 41 தடவை கட்டி வெட்டியிருக்கிறேன். கடைசிப் பத்தில் ஒன்றுகூட அறவில்லை, முறுக்கு 7-இலேயே நிற்கிறது. பட்டறைப்பாடம் அக்கா சொன்னது போலக் கம்பி திருப்பி அழுத்துவது விரலுக்குத் தெரிகிறது.

கேலிப்பர் கீழ் போல்ட் புதிது வாங்கிப் போட்டேன். பழைய போல்ட்டின் மரையில் இரண்டு இழை பளபளவென்று தேய்ந்திருந்தது. புதியதை டார்க் வைத்து இறுக்கியதும் துளை தானாகவே சரியான பக்கம் வந்து நின்றது. இன்று இடது கேலிப்பர் கட்டி முடித்தேன். மேல் வலது, கீழ் இடது. தட்டினால் ஆடவில்லை. டிரெயின் போல்ட்டின் துளை வாயை மழுக்கி, எஞ்சின் உறையில் வார்ப்போடு சேர்ந்து இருக்கும் ஒரு காதில் கட்டினேன்.

மூன்று சந்தேகம் பாக்கி. ஆயில் ஃபில்டரில் துளையே இல்லையே, அதை எப்படி? ஆயில் மூடிக்கு மெல்லிய செம்புக் கம்பி கிடைத்தது, சுலபமாக வளைகிறது, போடலாமா? வலது கேலிப்பரில் இடது பக்கம் கட்டியதற்குக் கண்ணாடிப் பிம்பம் மாதிரி கட்டினால் சரிதானே?

எட்டாம்நம்பர் | அடுத்த ஞாயிறு, இரவு 7.20

ஃபில்டரைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப்பின் திருகுப் பெட்டியில் கம்பியைக் கோத்து, ஃபில்டர் இறுகும் பக்கம் இழுக்கும்படி அசையாத ஓர் இடத்தில் கட்டுங்கள். கிளாம்ப்பை நசுக்கிவிடாதீர்கள், ஃபில்டர் உறை மெல்லிய தகடு.

செம்புக் கம்பி வேண்டாம். அது அறுந்துபோவதற்கென்றே போடுவது. விமானத்தில் அவசரக் கைப்பிடி, தீயணைப்பான் மாதிரி இடங்களில், கையால் இழுத்தால் உடனே அறுந்து வழிவிட வேண்டும், யாராவது தொட்டிருந்தால் தெரியவும் வேண்டும் என்று மெல்லிய செம்புக் கம்பி கட்டுவார்கள். உங்களுக்கு அறாத கம்பி வேண்டும்.

விண்கம்பி | அடுத்த ஞாயிறு, இரவு 7.45

தம்பி, மூன்றாவது சந்தேகத்தைக் கேட்டது மிக நல்லது. கண்ணாடிப் பிம்பம் கூடாது. வண்டியின் வலது பக்கம் போனாலும் போல்ட்டின் மரை வலது மரைதான். வலது பக்கம் போய் உட்கார்ந்து, போல்ட் தலைக்கு நேராகப் பாருங்கள். இறுகும் திசை அதே கடிகார முள் திசை. ஆகவே அங்கேயும் மேல் போல்ட்டின் வலப்பக்கத்திலிருந்து கிளம்பி, கீழ் போல்ட்டின் இடப்பக்கத்தில் சேர வேண்டும். பிம்பமாகக் கட்டினால் போன வாரம் வெட்டி எறிந்த அதே தவறு மறுபடி வரும்.

கம்பியைக் கையில் எடுப்பதற்கு முன் விரலை வைத்து ஒரு தடவை வழித்துப் பாருங்கள்.

இரவுசவாரி | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

வலது பக்கம் போய் விரலை வைத்துப் பார்த்தேன் ஐயா. மேல் வலது, கீழ் இடது. டார்க் வைத்தாகிவிட்டது, துளை நல்ல இடத்தில் இருக்கிறது. வெளிச்சம் போய்விட்டதால் நாளைக் காலையில் கட்டுகிறேன்.